குடும்பத்துக்கு வேன் வகை வண்டியா, எஸ்யூவியா? வடசென்னை ஆக்டிங் டிரைவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆக்டிங் டிரைவர். சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்கள் திருப்பதி, வேளாங்கண்ணி, கல்யாணம் என்று கிளம்பும்போது ஸ்டியரிங் பிடிக்க என்னைக் கூப்பிடுவார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, இந்தப் பக்கம் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், மாதவரம் வரை நான் வண்டி எடுக்காத தெரு குறைவு. ஒரு நாள் ட்ரைபர், மறுநாள் சஃபாரி, அதற்கடுத்த நாள் இன்னோவா என்று மாற்றி மாற்றி ஓட்டுவதால், புது வண்டி எடுக்க நினைப்பவர்கள் போகிற வழியிலேயே ஆலோசனை கேட்பார்கள். "அண்ணே, எர்டிகா மாதிரி எடுக்கலாமா, இல்ல எஸ்யூவிக்கு போய்டலாமா?" கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

முதலில், வேன் வகை என்றால் எது? எஸ்யூவி என்றால் எது?

அமெரிக்காவில் மினிவேன் என்பார்கள். 1980களின் நடுவில் அங்கே குடும்பங்களுக்கென்றே வந்த வண்டி அது: தாழ்ந்த தரை, மூன்று வரிசை சீட், தள்ளித் திறக்கும் கதவு. நம் ஊரில் அந்த இடத்தை எம்பிவி என்ற பெயரில் எர்டிகா, ட்ரைபர், கேரன்ஸ், இன்னோவா, ரூமியன் எல்லாம் பிடித்திருக்கின்றன. குவாலிஸ், டவேரா காலத்து ஆட்களுக்கு இது புது விஷயமே இல்லை.

எஸ்யூவி என்றால் நிமிர்ந்த முகம், உயர்ந்த பானெட், பெரிய டயர். காட்டிலும் மேட்டிலும் ஏறுகிற வண்டி என்ற நினைப்பை அந்தத் தோற்றம் கொடுக்கும். ஆனால் நெக்ஸான், வென்யூ, கிரெட்டா எல்லாம் இங்கே முன் சக்கரம் மட்டுமே இழுக்கிற வண்டிகள். எர்டிகாவும் அப்படித்தான். உள்ளே இருக்கும் இயந்திர அமைப்பில் இரண்டும் ஒரே சாதி. மேலே போட்ட சட்டைதான் வேறு. ஸ்கார்பியோ-என், ஃபார்ச்சூனர் போன்றவை தனி ரகம். லாரி மாதிரி சேஸிஸ் என்ற தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்தவை. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் வேன் வகை என்று சொல்லும் இன்னோவா கிரிஸ்டாவும் அதே சேஸிஸ் ரகம்தான்.

வீட்டில் ஏழு பேர். ஏழு சீட் எஸ்யூவி எடுத்தால் இரண்டு ஆசையும் தீர்ந்துவிடுமே?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய பேர் பணத்தைக் கொட்டிவிட்டு அப்புறம் முகம் சுளிக்கிறார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். டாடா சஃபாரியின் நீளம் 4668 மில்லிமீட்டர். எர்டிகா ஏறக்குறைய 4400. ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பாருங்கள்: சஃபாரிக்கு 2741, எர்டிகாவுக்கு 2740. மூன்று வரிசையும் பெரும்பாலும் இந்தத் தூரத்துக்குள்தான் உட்கார வேண்டும். வெளியே கூடுதலாகத் தெரிகிற நீளத்தில் பெரும்பகுதி முகத்துக்கும் முதுகுக்கும் போய்விடுகிறது. மனிதனின் கால் முட்டிக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான்.

அடுத்தது தரை. எஸ்யூவியில் கடைசி வரிசையின் தரை உயரமாக வரும், சீட் தாழ்வாக இருக்கும். உட்கார்ந்தால் முட்டி நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும். பத்து வயதுப் பையனுக்கு அது விளையாட்டு. ஐம்பத்தைந்து வயது சித்தப்பாவுக்குச் செங்குன்றம் தாண்டுவதற்குள் "எங்கயாச்சும் நிறுத்துப்பா, டீ குடிக்கலாம்" என்று ஆகிவிடும். டீ ஒரு சாக்கு, கால் மரத்துப் போனதுதான் காரணம்.

அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: கடைசி வரிசையில் உட்காரப் போவது யார்? பேர் சொல்லுங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால் எஸ்யூவி பரவாயில்லை. பெரியவர்கள், அதுவும் மாதத்துக்கு மூன்று நான்கு தடவை என்றால் வேன் வகைக்கு வாருங்கள். "எப்பவாச்சும் யாராச்சும்" என்றால் உங்களுக்கு ஏழு சீட்டே தேவையில்லாமல் இருக்கலாம்.

எங்கள் தெரு குறுகல். பெரிய வண்டி உள்ளே வருமா?

வடசென்னைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் கேட்கிறார்கள்.

பத்தடி தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலும் காசிமேட்டிலும் பத்தடி என்பது தாராளம். அதாவது மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஓரமாக ஒரு பைக் நின்றால் முக்கால் மீட்டர் போச்சு. மிச்சம் ஏறக்குறைய 2300 மில்லிமீட்டர். எர்டிகாவின் அகலம் 1735, ட்ரைபர் 1739. இரண்டு பக்கமும் சேர்த்து அரை மீட்டருக்கு மேல் இருக்கும். கண்ணாடியை விரித்தபடியே மெதுவாகப் போகலாம். எக்ஸ்யூவி 700 என்றால் 1890, ஸ்கார்பியோ-என் 1917, சஃபாரி 1922. இந்த அளவுகளில் பக்கக் கண்ணாடி சேர்த்தி இல்லை. கண்ணாடியை மடக்கினால்தான் போக முடியும். மடக்கிவிட்டால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. அப்புறம் வீட்டில் ஒருவர் இறங்கி முன்னால் நடந்து "வா வா வா... ஸ்டாப்" சொல்ல வேண்டும். தினமும்.

கேரன்ஸ் 1800, இன்னோவா ஹைகிராஸ் 1850. நடுவாந்தரம். நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவிகளையும் அகலத்தில் குறைவாக நினைக்க வேண்டாம். பிரெஸ்ஸா 1790, நெக்ஸான் 1804. எர்டிகாவை விட அகலம்! நீளம் குறைவாக இருப்பதால் திருப்பத்தில் தப்பிக்கும், அவ்வளவே.

டேப்பை எடுத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குத் தெருவை அளந்து பாருங்கள். பகலில் அளந்தால் பயனில்லை, ராத்திரிதான் எல்லா பைக்கும் ஆட்டோவும் வீட்டுக்கு வந்திருக்கும். தெருவின் மூக்குத் திருப்பத்தையும் பாருங்கள். டிரான்ஸ்பார்மர், தண்ணீர் டேங்க், கோயில் மேடை எது முட்டிக்கொண்டு நிற்கிறதோ அதுதான் உங்கள் வண்டியின் அளவைத் தீர்மானிக்கும்.

மழை வந்தால் எங்கள் ஏரியா மிதக்கும். அதற்காகவே எஸ்யூவி எடுக்கலாம் என்று...

2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம். மூன்றையும் பார்த்த ஊர் இது, அந்தப் பயம் நியாயம்தான். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதைப் பார்க்காமல் வியாசர்பாடிப் பிள்ளைகள் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பயத்தை எஸ்யூவி விற்கிறவர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது வண்டியின் அடிவயிற்றுக்கும் ரோட்டுக்கும் உள்ள இடைவெளி. ட்ரைபர் 182 மில்லிமீட்டர், கிரெட்டா 190, கேரன்ஸ் 195, நெக்ஸான் 208. இதில் அதிகமானதற்கும் குறைவானதற்கும் வித்தியாசம் ஓர் அங்குலம். கேரன்ஸ் வேன் வகை, கிரெட்டா எஸ்யூவி. யார் உயரம் என்று நீங்களே பாருங்கள். இதெல்லாம் ஆள் ஏறாத அளவு. ஏழு பேரும் மூட்டையும் ஏறினால் எல்லாமே கொஞ்சம் இறங்கிவிடும்.

அதைவிட முக்கியம், எஞ்சின் எங்கே மூச்சு விடுகிறது என்பது. காற்று இழுக்கும் குழாயின் வாய் பானெட்டுக்குள் முன்பக்கமாக இருக்கும். அந்த வாய்க்குத் தண்ணீர் எட்டிவிட்டால் அது சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழிவிடாது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெட்ரோலோ டீசலோ, வேனோ எஸ்யூவியோ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எத்தனை ஆழம் தாங்கும் என்று கம்பெனியே எழுதிக் கொடுக்கிற வண்டிகள் சில உண்டு. மஹிந்திரா தார் 650 மில்லிமீட்டர், ஃபார்ச்சூனர் 700. அவை மலையேற வந்தவை, தெருவுக்குள் ஏழு பேரை ஏற்றிப் போக வந்தவை இல்லை.

நான் கடைப்பிடிக்கும் விதி: தண்ணீர் சக்கரத்தின் நடுக்குமிழுக்கு வந்தால் திரும்பிவிடுவேன், எந்த வண்டியாக இருந்தாலும் சரி. இன்னொன்று எண்ணூர் ரோட்டில் கற்றுக்கொண்டது. தேங்கிய தண்ணீரில் எதிரே டிரெய்லர் வந்தால் அது தள்ளும் அலை ஓர் அடி எழும்பி உங்கள் பானெட்டில் அடிக்கும். அது வரை பத்திரமாக வந்த வண்டி அந்த ஒரே அலையில் படுத்துவிடும். லாரி தாண்டும் வரை மேட்டில் நில்லுங்கள்.

வெள்ளத்துக்கு நான் சிபாரிசு செய்வது, மழை எச்சரிக்கை வந்த அன்றே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த ஓர் உயரமான இடத்தைப் பேசி வைப்பது. மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்கள் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களில் சிலருக்கு நான்தான் மெக்கானிக்கைத் தேடிக் கொடுத்தேன்.

தண்ணீர் புகுந்தால் இன்சூரன்ஸ் கொடுக்காதா?

முழு இன்சூரன்ஸ் இருந்தால் வெள்ளத்தால் வந்த சேதத்துக்குக் கிடைக்கும். சிக்கல் எஞ்சினில். தண்ணீரில் நின்றுபோன வண்டியை நீங்கள் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து அதனால் எஞ்சின் உடைந்தால், அது வெள்ளம் செய்த சேதம் இல்லை, நீங்கள் செய்த சேதம் என்று சாதாரண பாலிசியில் தள்ளிவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்ப்பு இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் பணம்தான். நம் பக்கத்து ஆட்கள் அதைக் கட்டாயம் போட வேண்டும். நின்றுவிட்டால் கை சாவிப் பக்கமே போகக் கூடாது. கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். 2015-ல் எனக்கு வேலை கொடுத்த வீட்டில் ஒருவர் "ஒரு தபா அடிச்சுப் பாக்கலாம்" என்று அடித்துப் பார்த்தார். அந்த ஒரு தபாவுக்குப் புது எஞ்சின் விலை.

அம்மாவுக்கு முட்டி வலி. எதில் ஏறுவது சுலபம்?

வேன் வகை. பெரிய எஸ்யூவியில் காலைத் தூக்கி வைத்து மேலே ஏற வேண்டும், சின்னக் காரில் குனிந்து விழுந்து உட்கார வேண்டும். எர்டிகா, கேரன்ஸ் உயரத்தில் இடுப்பை அப்படியே நகர்த்தி உட்காரலாம். புடவை கட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பெரிய எஸ்யூவிதான் என்று முடிவாகிவிட்டால் பக்கவாட்டுப் படியும் உள்ளே கைப்பிடியும் போட்டுக்கொள்ளுங்கள். படி தெருவில் இன்னும் கொஞ்சம் அகலத்தைத் தின்னும், அதையும் கணக்கில் சேருங்கள்.

எர்டிகா எடுத்தால் டாக்ஸி என்று நினைப்பார்களே?

நினைப்பார்கள். கல்யாண மண்டப வாசலில் "டிரைவர், கொஞ்சம் தள்ளிப் போடுப்பா" என்று வண்டி முதலாளியிடமே சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அவர் அந்த வாரமே எஸ்யூவி புக் செய்துவிட்டார். அவருடைய காசு, அவருடைய ரோஷம். ஆனால் தினமும் பல நூறு கிலோமீட்டர் ஓட்டிக் கணக்குப் பார்க்கிற டாக்ஸிக்காரர்கள் ஒரு வண்டியைத் தேடி எடுக்கிறார்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

விபத்து நடந்தால் எது பாதுகாப்பு? எஸ்யூவிதானே கனம்?

கனத்தை வைத்துச் சொல்ல முடியாது, மாடலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எஸ்யூவி பக்கம் கை ஓங்கியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நெக்ஸான் 2018-லேயே ஐந்து நட்சத்திரம் வாங்கியது. எக்ஸ்யூவி 700, ஸ்கார்பியோ-என் இரண்டும் ஐந்து. சஃபாரி நம் நாட்டு பாரத் என்கேப்பிலும் ஐந்து. எர்டிகாவோ 2019-ல் மூன்று நட்சத்திரம். 2024-ல் ஆப்பிரிக்க விற்பனைக்காக இங்கே தயாரான எர்டிகாவைச் சோதித்தபோது பெரியவர்களுக்கு ஒன்றே ஒன்று. இங்கே விற்கும் எர்டிகாவுக்கு 2025-ல் ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வந்திருக்கிறது, அது ஆறுதல். ட்ரைபர் 2021-ல் நான்கு வாங்கியது. இன்னோவா ஹைகிராஸ் பாரத் என்கேப்பில் ஐந்து. ஆக வேன் வகையிலும் நல்லது உண்டு, விலை கொடுத்தால்.

நட்சத்திரத்துக்கு வெளியே இரண்டு விஷயம். எந்த வண்டியிலும் கடைசி வரிசைத் தலைக்கும் பின்பக்கக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண், இரண்டு சாண்தான். பின்னால் வந்து இடித்தால் முதல் அடி அங்கே. அதனால் சின்னக் குழந்தைகளை நடு வரிசையில் வையுங்கள். குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வளர்ந்த பிள்ளைகளோ பெரியவர்களோ பின்னால் போகட்டும். இரண்டாவது, சில பழைய சுமோ, பொலேரோக்களில் பின்னால் எதிரெதிரே பக்கவாட்டு சீட் இருக்கும். அதில் ஆள் ஏற்றி நெடுஞ்சாலைக்கு வரச் சொன்னால் நான் வரமாட்டேன்.

கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டப் பயமாக இருக்கிறது. உயரமான வண்டி என்றால் தைரியம் வருமா?

வரும். அந்தத் தைரியம்தான் எனக்குப் பயம். மணலி விரைவுச் சாலையில், எண்ணூர் நெடுஞ்சாலையில் நாற்பது அடிப் பெட்டி ஏற்றிய டிரெய்லர் பக்கத்தில் ஸ்கார்பியோவும் ஒன்றுதான், ட்ரைபரும் ஒன்றுதான். டிரெய்லர் டிரைவரின் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. இடது பக்கம் ஒட்டிப் போகவே கூடாது. டிரெய்லர் திரும்பும்போது பின் சக்கரங்கள் உள்ளே வெட்டிக்கொண்டு வரும்.

வரி எதற்குக் குறைவு? வேனுக்கு என்று சலுகை உண்டா?

இல்லை. வேன், எஸ்யூவி என்ற பெயரை ஜிஎஸ்டி பார்ப்பதே இல்லை. 2023-ல் ஜிஎஸ்டி கவுன்சிலே பெயர் எதுவானாலும் அளவைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் கணக்கு இன்னும் எளிது. நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். அதற்கு மேல் எல்லாம் 40. மின்சார வண்டிக்கு 5. ட்ரைபர் 18-ல் வரும். நெக்ஸான் பெட்ரோலும் 18. எர்டிகா, கேரன்ஸ், கிரெட்டா, இன்னோவா எல்லாம் 40. பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள் இருந்தும் பெட்ரோல் எஞ்சின் 1462 சிசி என்பதால் 40.

இது விலைக்குள்ளேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணில் குத்துவது தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. 2023 நவம்பரில் ஏற்றினார்கள்: ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சக் கோட்டில் கவனம் தேவை. 9.9 லட்ச வண்டிக்கு வரி 1,28,700. 10.2 லட்ச வண்டிக்கு 1,83,600. முப்பதாயிரம் விலை கூடினால் வரி மட்டும் ஏறக்குறைய ஐம்பத்தைந்தாயிரம் கூடுகிறது. "சார், இன்னும் முப்பதாயிரம் போட்டா டாப் மாடல்" என்று சொல்லும்போது இதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

பெட்ரோலா, டீசலா, சிஎன்ஜியா?

பிள்ளையைப் பள்ளியில் விட, எம்.சி. ரோட்டில் துணி எடுக்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்வர என்றால் டீசல் வேண்டாம். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்ய வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். பேசின் பிரிட்ஜில் ஊர்ந்துகொண்டே இருந்தால் வடிகட்டி அடைத்துக்கொண்டு டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். மாதத்துக்கு நாலு தடவை நெல்லூர், திருச்சி என்று ஓடுகிறவர்கள் டீசல் எடுக்கலாம்.

சிஎன்ஜி எர்டிகாவுக்குக் கம்பெனிக் கணக்கில் கிலோவுக்கு 26.11 கிலோமீட்டர், பெட்ரோல் கையால் மாற்றும் கியருக்கு லிட்டருக்கு 20.51. நம் நெரிசலில் இரண்டும் அவ்வளவு கொடுக்காது. சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்ளும். ஏழு பேரும் ஏறினால் பெட்டிக்குத் தலைக்கு மேல் கேரியர்தான்.

டிக்கியில் எதில் இடம் அதிகம்?

ஏழு பேர் உட்கார்ந்தால் எதிலும் இல்லை. எர்டிகாவுக்கு 209 லிட்டர், கேரன்ஸுக்கு 216, ட்ரைபருக்கு வெறும் 84. இரண்டு முதுகுப்பை வைத்தால் ட்ரைபர் நிறைந்துவிடும். ஆனால் அதன் கடைசி வரிசை சீட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். அப்போது 625 லிட்டர். ஆடி மாதம் பெரியபாளையத்துக்கு அடுப்பு, அண்டா, பாத்திரத்தோடு போகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்: ஆட்கள் ஒரு வண்டி, பாத்திரம் ட்ரைபர்.

ஒரு விஷயத்தைக் காசிமேடு பக்கத்து ஆட்களுக்காகச் சொல்கிறேன். டிக்கி தனியாக மூடியிருக்கும் பழைய மாடல் கார்களில் மீன் வாங்கி வைத்தால் நாற்றம் அங்கேயே நிற்கும். வேன் வகையிலும் எஸ்யூவியிலும் டிக்கியும் நாம் உட்காரும் இடமும் ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை காலை வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வந்தால் புதன்கிழமை வரை வண்டிக்குள் ஞாயிற்றுக்கிழமைதான். மூடி இறுக்கமான ஐஸ் பெட்டி ஒன்று வாங்குங்கள். தண்ணீர் மட்டும் கார்ப்பெட்டில் சொட்டிவிட்டால் எந்த வாட்டர் வாஷாலும் போகாது.

தள்ளித் திறக்கும் கதவு உள்ள வண்டி வேண்டும்.

நம் தெருக்களுக்கு அதைவிடப் பொருத்தமான கதவு இல்லை. ஆம்னி 1984-ல் கொண்டுவந்தது, 2019-ல் போய்ச் சேர்ந்தது. இன்று ஒரு கோடியில் ஈகோ, மறு கோடியில் கார்னிவல். நடுவே எதுவும் இல்லை. ஈகோவில் இடம் உண்டு, சொகுசு இல்லை. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சூடும் சத்தமும் உண்டு. கார்னிவல் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். அதை வைத்திருக்கிறவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்பதில்லை.

பழைய வண்டி எடுக்கலாமா?

எடுக்கலாம். இன்னோவா, எர்டிகா இரண்டுக்கும் பழைய சந்தையில் நல்ல மதிப்பு, அதனால் மலிவாகக் கிடைக்காது. மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். ஸ்டெப்னி இருக்கும் குழிக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். கடலோரத்திலேயே நின்ற வண்டி என்றால் ராம்ப்பில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் எடுக்கவே கூடாது. திருவொற்றியூர் உப்புக்காற்று மேல் பெயின்ட்டைவிடக் கீழே சைலன்சர் குழாயையும் வெல்டு போட்ட இடங்களையும் அரித்துவிடும்.

டி போர்டில் (வாடகை வண்டியாக) ஓடி ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகத்துக்கு) மாறிய வண்டியா என்று ஆர்சி விவரத்தில் பார்க்கலாம். ஓடியது தப்பில்லை, மறைத்தால்தான் தப்பு. அதேபோல் உங்கள் ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விட்டு இஎம்ஐ கட்டலாம் என்ற யோசனை வேண்டாம். சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிடும்.

எல்லோரும் சேர்ந்து போவது வருடத்துக்கு மூன்று தடவைதான். என்ன செய்யலாம்?

ஐந்து சீட் காராகவே எடுங்கள், சின்ன எஸ்யூவி பிடித்திருந்தால் அதுவும் சரி. அந்த மூன்று தடவைக்கு டி போர்டு டெம்போ டிராவலர் சொல்லுங்கள். பன்னிரண்டு பேர் கால் நீட்டிப் போகலாம், பாட்டும் போடலாம். மவுண்ட் ரோடு, சென்ட்ரல் பக்கம் தினம் வேலைக்குப் போகிறவருக்கு மெட்ரோ இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை வந்துவிட்டது. காரை அதற்கு எடுத்துப் போய்ப் பார்க்கிங் தேட வேண்டியதில்லை. எனக்கு வரும் வேலையை நானே கெடுத்துக்கொள்கிறேன், பரவாயில்லை.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்க்க வேண்டும்?

ஷோரூம்காரர் நல்ல ரோட்டில் ஒரு சுற்று சுற்றிக்காட்டி ஏசியையும் டச் ஸ்கிரீனையும் போட்டுக் காட்டுவார். வேண்டாம் என்று சொல்லி வண்டியை உங்கள் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மறுத்தால் இன்னொரு ஷோரூம். வீட்டு வாசலில் நிறுத்தி எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரையும் ஏற்றுங்கள், அம்மாவையும் சேர்த்து. பணம் கொடுக்கிறவர் முன்னால் உட்காரக் கூடாது, கடைசி வரிசைக்குப் போக வேண்டும். யார் தினமும் ஓட்டப் போகிறார்களோ அவர் ஓட்டட்டும். வீட்டுக்காரம்மாதான் பள்ளிக்கு எடுத்துப் போவார் என்றால் அவர்தான் ஓட்ட வேண்டும், அவர் உட்கார்ந்தால் பானெட்டின் முனை தெரிகிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

அப்படியே வைத்தியநாதன் பாலம் ஏறி, பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஏசியைப் போட்டபடி மறுபடி கிளப்புங்கள். ட்ரைபரின் ஒரு லிட்டர் எஞ்சின் ஏழு பேரோடு அங்கே கொஞ்சம் முனகும். அந்த முனகலைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். இறங்கி வந்ததும், பின்னால் உட்கார்ந்தவரைக் கேளுங்கள். "நல்லாதான் கீது, ஆனா..." என்று இழுத்தால், அந்த ஆனாவுக்குப் பிறகு வருவதை முழுவதும் கேட்டுவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.